சோறு வைப்பவர் கையில்தான் கயிறும் இருக்கிறது

வாசகர் கேள்வி – பதில்

தெரு நாய், பூனை, மாடு பற்றி வந்த கடிதங்களில் பாதி கோபம், பாதி பரிதாபம். இரண்டு பக்கத்துக்கும் பதில் ஒன்றுதான் என்பதால் சேர்த்தே எழுதுகிறோம். கால்நடை மருத்துவமும் பொது சுகாதாரமும் தெரிந்தவர்கள் பதில் சொல்லியிருக்கிறார்கள்.

எங்கள் அடுக்ககத்தில் 64 வீடுகள். இரண்டு பேர் தினமும் நாய்களுக்குச் சோறு வைக்கிறார்கள். மற்றவர்கள் சங்கத்தில் வந்து சண்டை போடுகிறார்கள். சோறு வைக்கக் கூடாது என்று சங்கம் தீர்மானம் போடலாமா?
– சங்கச் செயலாளர், மடிப்பாக்கம்

அடியோடு தடுக்க முடியாது. இடத்தையும் நேரத்தையும் நீங்கள் முடிவு செய்யலாம். செய்யவும் வேண்டும். 2023 மார்ச்சில் வந்த விலங்குகள் கருத்தடை விதிகளில் 20ஆம் விதி இதைப் பற்றியதுதான். குடியிருப்புக்குள் இருக்கும் நாய்களுக்கு உணவு வைக்க ஓர் இடத்தை ஒதுக்கித் தர வேண்டியது சங்கத்தின் பொறுப்பு. படிக்கட்டு, கட்டட வாசல், குழந்தைகள் விளையாடும் இடம் ஆகியவற்றின் பக்கத்தில் அந்த இடம் இருக்கக் கூடாது. குழந்தைகளும் முதியவர்களும் அதிகம் நடமாடாத நேரமாக இருக்க வேண்டும். வைப்பவர் இடத்தை அசுத்தப்படுத்தக் கூடாது. 2025 ஆகஸ்ட் 22 அன்று உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவு இன்னும் ஒரு படி போகிறது. தெருவில் கண்ட இடத்தில் உணவு வைக்கக் கூடாது, வார்டுதோறும் அதற்கென்று இடம் ஒதுக்கி அங்கேதான் வைக்க வேண்டும் என்கிறது. ஆக, உங்கள் இரண்டு பேருக்கும் சட்டத்தில் இடம் உண்டு. கேட் வாசலில் இடம் இல்லை.

கேட் வாசல் ஏன் கூடாது என்பதற்குச் சட்டம் தேவையில்லை. சோறு கிடைக்கும் இடத்தை நாய் தன் இடமாக நினைத்துக் காவல் காக்கும். கேட்டில் வைத்தால் கேட்டைக் காக்கும். பால்காரர் வண்டியைத் துரத்தும் நாய் பெரும்பாலும் துரத்துவது பால்காரரை இல்லை, தன் தட்டுக்குப் பக்கத்தில் வந்த சக்கரத்தை. தட்டைப் பின்பக்கச் சுற்றுச்சுவர் ஓரமாக, ஜெனரேட்டர் அறைக்கு அப்பால் கொண்டுபோனால் சில வாரங்களில் நாய்களும் அங்கே நகர்ந்துவிடும். ஒரே நாளில் மாற்றாதீர்கள். தினமும் பத்துப் பதினைந்து அடியாக நகர்த்துங்கள்.

நேரம் காலை ஐந்தரை அல்லது இரவு ஒன்பதரைக்கு மேல். நாய்க்கு ஒரு தட்டு, தட்டுக்குத் தட்டு நாலடி இடைவெளி. ஒரே குவியலாகக் கொட்டினால் அங்கேயே கடித்துக்கொள்ளும். விலக்கப் போகிறவருக்கும் கடி விழும். பதினைந்து நிமிடத்தில் தின்றது போக மிச்சத்தை எடுத்துவிட வேண்டும். விட்டால் எலி வரும், எலிக்குப் பின்னால் பாம்பு வரும், அப்புறம் சங்கக் கூட்டத்தில் நாய்க்குச் சேர்த்து பாம்பும் வழக்காக வரும்.

சோறு வைக்கும் இரண்டு பேரிடம் சங்கம் கேட்டு வாங்க வேண்டிய ஒன்று இருக்கிறது: ஒரு நோட்டு. ஒவ்வொரு நாய்க்கும் ஒரு பக்கம், புகைப்படம், ஆணா பெட்டையா, காதில் கருத்தடை வெட்டு உண்டா, வெறிநோய்த் தடுப்பூசி போட்ட தேதி. 64 வீட்டில் நாய் எதுவும் தன் பக்கத்தில் வர விடுவது அந்த இரண்டு பேரை மட்டும்தான். ஊசி போடவும் பிடித்துக் கொடுக்கவும் அவர்களால்தான் முடியும். அவர்களைத் துரத்திவிட்டால் யார் கைக்கும் சிக்காத, ஊசி போடாத, பசித்த நாய்கள்தான் மிஞ்சும்.

தினமும் காலை நடையில் ஒரு பாக்கெட் பிஸ்கட் போடுகிறேன். போதுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கும்பகோணம்

போதாது. பிஸ்கட் என்பது மைதா, சர்க்கரை, எண்ணெய். கிரீம் வைத்ததும் சாக்லேட் கலந்ததும் அறவே வேண்டாம். சாக்லேட் நாய்க்கு நஞ்சு. அதே காசுக்கு ஒரு முட்டை வேகவைத்துப் போடலாம். சுமார் 15 கிலோ எடையுள்ள தெரு நாய்க்கு ஒரு வேளைக்கு 300 கிராம் வெந்த சோறு, அதோடு வேகவைத்த கோழிக் கழுத்து, ஈரல் என்று 100 முதல் 150 கிராம் போதும். கறிக்கடையில் கழுத்து, ஈரல் மலிவாகக் கிடைக்கும். வெந்த கழுத்திலிருந்து சதையை உருவிப் போட்டுவிட்டு எலும்பைக் குப்பையில் போடுங்கள். வெந்த கோழி எலும்பு ஊசி போலச் சிலும்பி குடலைக் குத்தும். உப்பு, மிளகாய், வெங்காயம் சேர்க்காதீர்கள். நேற்றைய சாம்பார் சாதத்தில் இந்த மூன்றும் இருக்கும். திராட்சையும் கிஸ்மிஸும் சிறுநீரகத்தைக் கெடுக்கும்; ஆகவே மீந்த பாயசமும் வேண்டாம்.

எங்கள் தெருவில் ஏழு நாய்கள். மாநகராட்சிக்குச் சொன்னோம், வண்டி வந்தது, இரண்டைப் பிடித்துப் போனார்கள், மற்றவை ஓடிவிட்டன. ஆறு மாதத்தில் பதின்மூன்று ஆகிவிட்டது. கருத்தடையே ஏமாற்று வேலையா?
– இல்லத்தரசி, திருப்பூர்

இல்லை. ஏழில் இரண்டுக்குச் செய்ததுதான் கோளாறு. பெட்டை நாய் ஆறு மாதத்திலிருந்து ஒரு வயதுக்குள் பருவத்துக்கு வரும். சினைக்காலம் ஏறத்தாழ 63 நாள். ஆண்டுக்கு இரண்டு ஈற்று, ஈற்றுக்கு நான்கு முதல் ஆறு குட்டி. தெருவில் இரண்டு பெட்டை விடுபட்டாலே ஆண்டுக்கு இருபது குட்டி. அவற்றில் பெரும்பாலானவை லாரியிலும் நோயிலும் போய்விடும். போகிற விதத்தைப் பார்க்கச் சகிக்காது. மிஞ்சுகிறவை உங்கள் பதின்மூன்று.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். முதலில் கணக்கு: எத்தனை, எத்தனை பெட்டை, எதற்குக் காதில் வெட்டு இல்லை. வெட்டு இருந்தால் அறுவை முடிந்த நாய் என்று அர்த்தம், அதைத் திரும்பப் பிடிக்க வேண்டாம். கணக்கோடு சுகாதாரப் பிரிவுக்கு எழுத்தில் மனு கொடுங்கள். தொலைபேசியில் சொல்வது காற்றோடு போகும். சென்னையில் 1913 எண்ணில் பதிவு செய்தால் புகார் எண் தருவார்கள். நகராட்சி, பேரூராட்சியில் சுகாதார அலுவலர். ‘எல்லா நாயையும் ஒரே வாரத்தில்’ என்று கேளுங்கள். ஆண் நாயை விட்டாலும் பரவாயில்லை, பெட்டை ஒன்றுகூட விடுபடக் கூடாது.

பிடிக்க வரும் நாளுக்கு முந்தின இரவு சோறு வைக்காதீர்கள். இதில் இரண்டு பயன். மயக்க மருந்து கொடுக்கும்போது வயிறு காலியாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் வாந்தி மூச்சுக்குழாயில் போய் நாய் இறந்துவிடும். இரண்டாவது, பசித்த நாய் காலையில் தட்டைத் தேடி வரும். அந்தத் தட்டைத் தெருவில் வைக்காமல் கார் நிறுத்தும் கொட்டகை, காம்பவுண்ட் போன்ற அடைப்புக்குள் காலியாக வைத்து, வழக்கமாகக் கூப்பிடுவதுபோல் கூப்பிடுங்கள். உள்ளே வந்ததும் கேட்டைச் சாத்தினால் வலைக்காரருக்குப் பாதி வேலை முடிந்தது. வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தால் முதல் வலை வீச்சிலேயே மற்றவை கலைந்துவிடும். ஒரு தடவை துரத்துப்பட்ட நாய்க்கு அந்த வண்டிச் சத்தம் மறக்காது. உங்கள் தெருவில் அதுதான் நடந்திருக்கிறது.

குட்டிக்குப் பால் கொடுத்துக்கொண்டிருக்கும் தாயைக் காட்டிக் கொடுக்காதீர்கள். மடி தொங்குகிறதா என்று பாருங்கள். தாய் போய்விட்டால் குட்டிகள் ஏதோ ஒரு சிலாப்புக்கு அடியில் சத்தமில்லாமல் பட்டினியில் சாகும். குட்டிகளுக்கு இரண்டு மாதம் ஆகட்டும், அதற்குள் அடுத்த சினை பிடிக்காது. ஆறு மாதத்துக்குக் குறைந்த குட்டிகளையும் விட்டுவைக்கலாம்.

கொண்டுபோன நாயின் படம், பிடித்த தெருப் பெயர், கருத்தடை மையத்தில் கட்டும் அட்டை எண் மூன்றையும் உங்கள் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். அறுவைக்குப் பின் நான்கைந்து நாள் அங்கே வைத்திருந்து, வெறிநோய் ஊசியும் போட்டு, பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. ‘தெற்குத் தெரு’ என்று வாயால் சொன்னால் எந்தத் தெற்குத் தெரு என்று வண்டிக்குத் தெரியாது. பக்கத்துத் தெருவில் இறக்கிவிடப்பட்ட நாயை அந்தத் தெரு நாய்கள் கடித்துக் குதறும். தையல் பிரியாத புண்ணோடு அது நடந்தால் பிழைக்காது. திரும்பி வந்ததும் பத்து நாள் வயிற்றைப் பாருங்கள். தையலைச் சுற்றிச் சிறு தடிப்பு இயல்பு. நீர் கசிந்தாலோ, நாற்றம் வந்தாலோ, நாய் சோற்றை முகர்ந்துவிட்டு நகர்ந்தாலோ அன்றே மருத்துவரிடம் போக வேண்டும். குளிப்பாட்ட வேண்டாம்.

ஆண் நாய்க்கு அறுவை முடிந்து சில வாரம் வரை விந்து மிச்சம் இருக்கும். ‘செய்தும் பயனில்லை’ என்று சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

எதற்கு இவ்வளவு பாடு? எல்லாவற்றையும் பிடித்து ஊருக்கு வெளியே விட்டுவிட்டால் என்ன?
– வணிகர், கோயம்புத்தூர்

ஊருக்கு வெளியே என்பதும் இன்னொருவர் ஊர்தான். சட்டப்படி இடம் மாற்றி விடக் கூடாது. சட்டத்தை விட்டுவிட்டு நடைமுறையைப் பார்ப்போம். உங்கள் தெருவில் பத்து நாய் இருப்பதற்குக் காரணம் அங்கே பத்து நாய்க்குத் தீனி இருப்பது: மூடாத குப்பைத் தொட்டி, கறிக்கடைக் கழிவு, பிரியாணிக் கடை வாசல். பத்தையும் அகற்றினால் தீனி அப்படியே இருக்கும். பக்கத்துத் தெரு நாய்கள் வரும். வருபவை ஊசி போடாதவை, உங்கள் குழந்தைகளைத் தெரியாதவை. ஒரு பகுதியில் 70 சதவீத நாய்களுக்குத் தடுப்பூசி போட்டுவிட்டால் வெறிநோய் பரவல் அறுந்துபோகும் என்பது உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு. ஊசி போட்டவற்றை அகற்றினால் அந்தச் சதவீதத்தை நீங்களே உடைக்கிறீர்கள்.

சென்னை இதற்கு நல்ல பாடம். நூறாண்டுக்கும் மேலாக மாநகராட்சி நாய்களைப் பிடித்துக் கொன்றுவந்தது. நாயும் குறையவில்லை, வெறிநோயும் குறையவில்லை. 1996இல் அதை நிறுத்திவிட்டு, புளூ கிராஸ் என்ற விலங்கு நல அமைப்பு 1960களிலிருந்து வலியுறுத்தி வந்த கருத்தடைத் திட்டத்துக்கு மாறினார்கள்.

ஒரு விலக்கு உண்டு. பள்ளி, கல்லூரி, மருத்துவமனை, விளையாட்டு மைதானம், பஸ் நிலையம், ரயில் நிலைய வளாகங்களிலிருந்து பிடித்த நாய்களைத் திரும்ப அங்கே விடக் கூடாது, காப்பகத்தில் வைக்க வேண்டும் என்று 2025 நவம்பர் 7 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது. வெறிநோய் பிடித்த நாயையும், காரணமில்லாமல் பாய்ந்து கடிக்கும் நாயையும் தெருவில் விடக் கூடாது என்பது முன்பே ஆகஸ்ட் உத்தரவில் இருக்கிறது. அப்படி ஒரு நாய் என்றால் எந்த நாய், எந்தத் தேதி, யாரைக் கடித்தது என்று எழுதிக் கொடுங்கள். ‘எல்லாம் கடிக்கிறது’ என்ற மனுவில் யாரும் எதுவும் செய்ய முடியாது.

வேறு வழி யோசிப்பவர்களுக்கும் ஒரு வரி: விஷம் வைப்பது பாரதிய நியாய சன்ஹிதா 325ஆம் பிரிவில் ஐந்தாண்டு வரை சிறை. அந்த உணவை முதலில் எடுப்பது எந்தக் குழந்தை, எந்தக் காகம் என்றும் யாருக்கும் தெரியாது.

பேத்தியைக் குட்டி நாய் ஒன்று நகத்தால் கீறிவிட்டது. லேசாக ரத்தம். மஞ்சளும் சுண்ணாம்பும் குழைத்துப் பூசினோம். இரண்டு மாதக் குட்டிதானே, ஊசி தேவையா?
– பாட்டி, திருநெல்வேலி

தேவை. கடிதம் எழுதிக் காத்திருக்க வேண்டிய விஷயமே இல்லை, இன்றே போங்கள். குட்டிக்கும் வெறிநோய் வரும். அறிகுறி தெரிந்த பிறகு இந்த நோய்க்கு மருந்து கிடையாது, அதற்கு முன்னால் ஏறத்தாழ முழுமையாகத் தடுத்துவிடலாம். கடிக்கும் அறிகுறிக்கும் நடுவே பொதுவாக ஒன்று முதல் மூன்று மாதம். சிலருக்கு ஒரே வாரம், சிலருக்கு ஓராண்டு. ‘பத்து நாளாகிவிட்டது, ஒன்றும் ஆகவில்லை’ என்று இருந்துவிடக் கூடாது. எத்தனை நாள் கழித்து நினைவுக்கு வந்தாலும் ஊசியைத் தொடங்கலாம்.

முதல் வேலை குழாயடி. ஓடும் தண்ணீரில், சோப்புப் போட்டு, கடிகாரத்தைப் பார்த்துப் பதினைந்து நிமிடம் கழுவ வேண்டும். சாதாரணத் துணி சோப்பே போதும், வைரஸின் கொழுப்பு உறையைச் சோப்பு கரைத்துவிடும். பதினைந்து நிமிடம் எவ்வளவு நீளம் என்பது கழுவிப் பார்த்தால்தான் தெரியும். பெரும்பாலானவர்கள் இரண்டு நிமிடத்தில் நிறுத்திவிடுகிறார்கள். பிறகு பொவிடோன் அயோடின் என்ற கிருமிநாசினி. மஞ்சள், சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள், எண்ணெய் எதுவும் கூடாது. அவை புண்ணை உறுத்தி வைரஸை நரம்புப் பக்கம் தள்ளும், மருந்து போட வேண்டிய இடத்தையும் மூடும். கட்டுப் போடவோ தையல் போடவோ அவசரப்பட வேண்டாம். பூசிய மஞ்சளைக் கழுவிவிட்டுப் புறப்படுங்கள்.

மருத்துவமனையில் மூன்று வகையாகப் பிரிப்பார்கள். காயமில்லாத தோலில் நக்கியது: ஒன்றும் வேண்டாம், கழுவினால் போதும். ரத்தம் வராத கீறல், லேசான கவ்வல்: தடுப்பூசி. ரத்தம் வந்த கடி அல்லது கீறல், புண்ணில் அல்லது வாய், கண்ணில் எச்சில் பட்டது: தடுப்பூசியோடு இம்யூனோகுளோபுலின், அதாவது நோயை எதிர்க்கும் பொருளை ஆயத்தமாகவே தரும் ஊசி. உங்கள் பேத்தி மூன்றாவது வகை. இம்யூனோகுளோபுலினை எடைக்கு ஏற்பக் கணக்கிட்டுக் காயத்துக்குள்ளேயும் சுற்றியும் போடுவார்கள். குதிரையிலிருந்து எடுத்தது என்றால் கிலோவுக்கு 40 யூனிட், மனிதரிலிருந்து எடுத்தது என்றால் 20. முதல் தடுப்பூசி போட்டு ஏழு நாளுக்குள் இதைப் போட்டால்தான் பயன். பிள்ளை வலியில் அலறும், தாத்தா ‘போதும் விடுங்கள்’ என்பார். விடக் கூடாது. தடுப்பூசி உடலில் எதிர்ப்பை உண்டாக்க ஒரு வாரத்துக்கு மேல் ஆகும். அதுவரை காவல் இந்த ஊசிதான். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இது இல்லை என்றால் அரசு தலைமை மருத்துவமனைக்குப் போங்கள்.

அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் ஊசி நான்கு தடவை: 0, 3, 7, 28ஆம் நாள். தசையில் போட்டால் ஐந்து: 0, 3, 7, 14, 28. இந்த ‘0’ கடிபட்ட நாள் இல்லை, முதல் ஊசி போட்ட நாள். திங்கள் கடித்து செவ்வாய் ஊசி என்றால் செவ்வாய்தான் 0. கடைசி ஊசியை விடுபவர்கள்தான் அதிகம், காயம் ஆறி மறந்துவிட்டிருப்பார்கள். சீட்டைக் காலண்டரோடு சேர்த்துக் குத்தி வையுங்கள். முன்பு ஒரு முறை முழுதாகப் போட்டவர் என்றால் 0, 3 இரண்டு ஊசி போதும், இம்யூனோகுளோபுலின் வேண்டாம். பழைய சீட்டைத் தூக்கிப் போடாதீர்கள் என்பது இதற்காகத்தான்.

அந்தக் குட்டியைப் பத்து நாள் கவனியுங்கள். அடித்துக் கொன்றுவிட்டால் கவனிக்க ஒன்றும் இருக்காது. பத்து நாளும் நன்றாக இருந்தால் மீதி ஊசியைப் பற்றி மருத்துவர் முடிவு செய்வார். இந்தப் பத்து நாள் கணக்கு நாய்க்கும் பூனைக்கும் மட்டும். மலைக்கோயிலில் குரங்கு கடித்துவிட்டு மரத்தில் ஏறிவிட்டால் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க வேண்டாம், நேராக ஊசிக்குப் போங்கள்.

கோணிப்பையில் கட்டிப் போட்ட நான்கு நாய்க்குட்டிகள். கண்கூடத் திறக்கவில்லை. பால் ஊட்டினால் வாந்தி எடுக்கிறது.
– கல்லூரி மாணவர், சேலம்

பசியாற்றும் முன் சூடேற்றுங்கள். குளிர்ந்த உடம்பில் குடல் வேலை செய்யாது, ஊட்டிய பால் உள்ளேயே புளித்துவிடும். பெட் பாட்டிலில் வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றி, துண்டைச் சுற்றி, அட்டைப் பெட்டியின் ஒரு பக்கம் மட்டும் வையுங்கள். சூடு அதிகமானால் குட்டி மறுபக்கம் நகர வழி வேண்டும். உள்ளங்கையில் எடுத்தால் வயிறு கதகதப்பாக இருக்க வேண்டும். அதன் பிறகே பால்.

பசும்பாலில் நாய்ப்பாலில் இருக்கும் அளவு கொழுப்பும் புரதமும் கிடையாது, பேதியாகும். செல்லப்பிராணிக் கடையில் குட்டிகளுக்கான பால்பவுடர் கேட்டு வாங்குங்கள். முதல் இரண்டு வாரம் இரண்டு, மூன்று மணிக்கு ஒரு தடவை, ராத்திரியும் சேர்த்து. குழந்தையைப் போல மல்லாத்திப் பிடித்து ஊட்டாதீர்கள். பால் நுரையீரலுக்குப் போகும், மூன்றாம் நாள் குட்டி இருக்காது. குப்புற, தலை சற்றே தூக்கியபடி இருக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் வெந்நீரில் நனைத்த பஞ்சால் அடிவயிற்றுக்குக் கீழே தடவுங்கள். தாய் நக்கிவிடுவதற்குப் பதில் இது. தடவாவிட்டால் குட்டிக்குத் தானாக மூத்திரம் போகத் தெரியாது.

இரண்டாம் வாரத்தில் குடல்பூச்சி மருந்து, ஆறு முதல் எட்டு வாரத்தில் பார்வோ, டிஸ்டெம்பர் என்ற இரண்டு தொற்றுநோய்களுக்கான ஊசி, மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி. பார்வோ வந்து குட்டி செத்த வீட்டுக்குள் இன்னொரு குட்டியைச் சில மாதம் கொண்டுவராதீர்கள். அந்த வைரஸ் மண்ணில் மாதக்கணக்கில் கிடக்கும். பெட்டைக் குட்டிகளை எடுக்க ஆள் வராது. கோணிப்பையில் வருபவை பெரும்பாலும் அவைதான். தத்துக் கொடுக்கும்போதே ஆறு மாதத்தில் கருத்தடை செய்வேன் என்று ஒப்புக்கொள்பவருக்குக் கொடுங்கள்.

பையில் கட்டிப் போட்டவர் மேல் வழக்குப் போடலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போடலாம். 1960ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டத்தில் முதல் குற்றத்துக்கு அபராதம் 10 முதல் 50 ரூபாய். இரண்டு வடை, ஒரு டீ.

கடிதத்தோடு நின்றுபோகாமல் ஒன்று செய்யுங்கள். மூடிக் கட்டாமல் ஓரமாகக் கிடக்கும் குட்டிகளை அடுத்த முறை கண்டால் உடனே எடுக்காதீர்கள். தாய் இரை தேடப் போயிருக்கலாம். இரண்டு, மூன்று மணி நேரம் தள்ளி நின்று பாருங்கள்.

நாயின் கழுத்தில் புழுப்புண். பக்கத்துக் கடைக்காரர் பினாயில் ஊற்றினார். நாய் கதறிக்கொண்டு ஓடிவிட்டது.
– வாசகி, மதுரை

பினாயில், பெட்ரோல், மண்ணெண்ணெய் மூன்றும் புழுவோடு சதையையும் எரிக்கும். நக்கினால் ஈரலும் போகும். சொறி நாய் மேல் வண்டியின் கழிவு ஆயில் தடவுவதும் இதே ரகம்.

ஈ முட்டையிட்ட ஒரு நாளுக்குள் புழுவாகிவிடும். வெளியே ஐந்து ரூபாய் நாணய அளவு ஓட்டை தெரிந்தால் உள்ளே அதைவிடப் பெரிய பை இருக்கும். காதுக்குள், வால் அடியில், விரலிடுக்கில் பாருங்கள். தலையை ஒரு பக்கம் சாய்த்து உதறிக்கொண்டே இருந்தால் காதில்தான். கால்நடை மருந்துக் கடையில் ‘புழுப்புண்ணுக்கு ஸ்ப்ரே’ என்று கேட்டால் தருவார்கள். கிட்டே விடாத நாய்க்குச் சோறு தின்னும்போது அடிக்கலாம். அடித்துச் சற்று நேரத்தில் புழுக்கள் மேலே வரும், முடிந்தவரை இடுக்கியால் எடுங்கள். டீ நிறத்துக்குத் தண்ணீர் கலந்த பொவிடோன் அயோடினால் கழுவி, மறுபடி ஸ்ப்ரே. காலையும் மாலையும், புழு அடியோடு நிற்கும் வரை. ஒரு நாள் அடித்துவிட்டு நிறுத்தினால் உள்ளே ஒளிந்தவை மறுநாள் தொடங்கும். ஓட்டை ஆழம் என்றால் மருத்துவர் ஊசி போட வேண்டும். நடமாடும் கால்நடை ஊர்திக்கு 1962 எண்ணில் கேட்டுப் பாருங்கள்.

வலிக்கிறதே என்று உங்கள் வீட்டு மாத்திரையைக் கொடுத்துவிடாதீர்கள். பாராசிட்டமால் ஒரே மாத்திரை பூனையைக் கொன்றுவிடும். நாய்க்கு இப்யூபுரூஃபென், டைக்ளோஃபெனாக் வயிற்றில் ரத்தக் கசிவையும் சிறுநீரகக் கோளாறையும் கொண்டுவரும்.

மாட்டுப் பொங்கல் அன்று தெருவில் வந்த பசுவுக்கு ஒரு வாளி சர்க்கரைப் பொங்கல் வைத்தோம். மறுநாள் படுத்துவிட்டது. திருஷ்டியா?
– வாசகர், தஞ்சாவூர்

பொங்கல்தான். மாட்டின் முதல் வயிறு வைக்கோலையும் புல்லையும் மெல்ல நொதிக்க வைக்கும் தொட்டி. அதில் ஒரேயடியாகச் சோறும் வெல்லமும் விழுந்தால் வேகமாகப் புளித்து அமிலம் பெருகும். உடம்பு நீரை எல்லாம் வயிறு இழுத்துக்கொள்ளும். அசை போடுவது நிற்கும், வயிறு உப்பும், புளித்த வாடையோடு சாணி தண்ணீராகப் போகும், ஒரு நாளில் படுக்கும். ஒவ்வொரு வீட்டுக்காரரும் ‘நாம் கொஞ்சம்தானே வைத்தோம்’ என்பார்; பத்து வீட்டுக் கொஞ்சம் ஒரு வாளி. படுத்த மாட்டுக்கு வாய்வழி எண்ணெய் ஊற்றாதீர்கள், புரையேறி நுரையீரலுக்குப் போகும். மருத்துவரை உடனே அழையுங்கள், என்ன தின்றது, எவ்வளவு, எப்போது என்று மறைக்காமல் சொல்லுங்கள். வைப்பதென்றால் ஒரு கைப்பிடி பொங்கல் சாஸ்திரத்துக்கு, வயிற்றுக்கு ஒரு கட்டு அகத்திக்கீரையோ பசும்புல்லோ.

குப்பைப் பையை முடிச்சுப் போடுவதும் இதோடு சேர்ந்ததுதான். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது, வாழைத்தோலைப் பையோடு விழுங்கும். பை சாணியில் வெளியேறாது. 2019இல் சென்னை கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தில் ஒரே பசுவின் வயிற்றிலிருந்து 52 கிலோ பிளாஸ்டிக்கை அறுத்து எடுத்தார்கள்.

கோடையில் தண்ணீர்த் தொட்டி வைத்தேன். கொசு வளர்க்கிறேன் என்று சுகாதார ஊழியர் கவிழ்த்துவிட்டார்.
– வாசகர், அம்பத்தூர்

அவர் சொன்னது சரி. நம் ஊர் வெக்கையில் டெங்கு கொசு முட்டையிலிருந்து பறக்க எட்டு, பத்து நாள் போதும். தினமும் தண்ணீரை மாற்றினால் மட்டும் போதாது. முட்டை நீர்மட்டத்துக்குச் சற்று மேலே உட்சுவரில் ஒட்டியிருக்கும், காய்ந்தாலும் சாகாது. தேங்காய் நாரால் உட்பக்கம் தேய்த்துக் கழுவிவிட்டுப் புதுத் தண்ணீர் ஊற்றுங்கள். இரண்டு, மூன்று லிட்டர் பிடிக்கும் சிமெண்ட் தொட்டி, மர நிழலில், நடுவில் ஒரு கல். தவறி விழுந்த அணில் ஏறிக்கொள்ளும். ஊருக்குப் போகும்போது கவிழ்த்து வைத்துவிட்டுப் போங்கள்.

ராத்திரி வண்டியில் அடிபடாமல் இருக்க ஒளிரும் கழுத்துப்பட்டை கட்டுகிறோம். நல்லதுதானே?
– இளைஞர் குழு, புதுச்சேரி

வளர்ந்த நாய்க்கு நல்லது. பட்டைக்கும் கழுத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழைய வேண்டும். அதைவிடத் தளர்ந்தால் முன்காலை உள்ளே விட்டு மாட்டிக்கொள்ளும். ஒரு வயது ஆகாத நாய்க்குக் கட்டவே கட்டாதீர்கள். கழுத்து வளரும், பட்டை வளராது. சில மாதத்தில் தோலை அறுத்து உள்ளே இறங்கிவிடும், மேலே ரோமம் மூடியிருப்பதால் வெளியே தெரியாது. நாற்றம் வந்து, ஈ மொய்த்த பிறகுதான் கண்டுபிடிப்பீர்கள். கட்டிய ஒவ்வொரு நாயின் பெயரையும் தேதியையும் எழுதி வைத்து, மாதம் ஒரு முறை சோறு வைக்கும்போது ரோமத்துக்கு அடியில் விரலை விட்டுப் பாருங்கள். விரல் நுழையவில்லை என்றால் அப்போதே கத்தரித்துவிடுங்கள். சதைக்குள் இறங்கியிருந்தால் நீங்கள் இழுக்கக் கூடாது, மயக்கம் கொடுத்து மருத்துவர்தான் எடுக்க வேண்டும்.